ராசிபுரத்தில் ஆர்.எக்ஸ். 100 மோகம்: சத்தத்தைக் கேட்டு மயங்காதீங்க... முதல்ல புக்கைப் பாருங்க!

ராசிபுரம்:

ஷிப்ட் முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில் ராசிபுரம் - சேலம் ரோட்டோரம் நின்றால் ஒரு சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். பஸ் ஹாரன், லாரி சத்தம் எல்லாவற்றையும் தாண்டி 'ட்ரிங்... ட்ரிங்' என்று வரும். திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம், யமஹா ஆர்.எக்ஸ். 100. ஓட்டுகிற வாலிபருக்கு வயது 22 இருந்தால் அதிகம். வண்டிக்கு 30 தாண்டியிருக்கும்.

வெளிநாடுகளில் பணக்காரர்கள் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடி அலைவார்கள். சேலம், நாமக்கல் பக்கம் உழைப்பாளி வீட்டுப் பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அது ஆர்.எக்ஸ்.தான். தறி ஓட்டி, லாரி பட்டறையில் வேலை பார்த்து, சீட்டு எடுத்து சேர்த்த பணத்தில் வாங்குகிறார்கள். ஒரு காலத்தில் காயலான் கடைக்குப் போட்ட வண்டி, இன்று அரை லட்சத்தில் ஆரம்பித்து லட்சத்தையும் தாண்டி விலை பேசுகிறது. பளபளவென்று ரெடி பண்ணிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

இங்கேதான் சிக்கலும் ஆரம்பிக்கிறது. என்ஜின் கெட்டுப்போனால் பட்டறையில் விட்டு சரி பண்ணிவிடலாம். புக்கு கெட்டுப்போன வண்டியை எந்த மெக்கானிக்காலும் சரி பண்ண முடியாது. இது தெரியாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டியை வெளியே எடுக்கப் பயந்து வீட்டு சந்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பதும் நடக்கிறது.

அப்படி என்ன இருக்கிறது இந்த வண்டியில்?

ஆர்.எக்ஸ். 100 இந்தியாவில் வந்தது 1985-ம் ஆண்டு. எஸ்கார்ட்ஸ் கம்பெனியும் ஜப்பான் யமஹாவும் சேர்ந்து கொண்டுவந்த வண்டி. ஆரம்பத்தில் ஜப்பானில் இருந்து பாகங்களை இறக்கி இங்கே கோர்த்தார்கள். அதனால்தான் 'ஜப்பான் செட்' என்று சொன்னால் இன்றும் விலை எகிறுகிறது.

98 சிசி, டூ ஸ்ட்ரோக் என்ஜின், 11 குதிரை சக்தி, 4 கியர். எடை சுமார் 100 கிலோதான். கிலோ குறைவு, சக்தி அதிகம் என்பதால் ஆக்சிலேட்டரைத் திருகினால் பாயும். அதே 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 வண்டியை மைலேஜுக்காக வாங்கினார்கள். இதை பிக்கப்புக்காக வாங்கினார்கள். நம்ம ஓசூரில் தயாரான இந்த்-சுசுகி ஏ.எக்ஸ். 100, பஜாஜின் கவாசாகி கே.பி. 100 எல்லாம் அந்தக் காலத்துப் போட்டி வண்டிகள். அவை எல்லாம் மறந்து போய்விட்டன. ஆர்.எக்ஸ். மட்டும் நிற்கிறது.

1996-ல் புகைக் கட்டுப்பாடு விதிகள் கடுமையாகின. அந்த வருஷத்தோடு ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பும் நின்றது. அதற்குப் பிறகு ஆர்.எக்ஸ்.ஜி., ஆர்.எக்ஸ். 135, ஆர்.எக்ஸ்.இசட். என்று 135 சிசி வண்டிகள் சில வருஷம் ஓடின. இந்தத் தகவலை மனசில் வைத்துக்கொண்டாலே பாதி ஏமாற்று வேலையைக் கண்டுபிடித்துவிடலாம். '99 மாடல் ஆர்.எக்ஸ். 100, சிங்கிள் ஓனர்' என்று யாராவது சொன்னால், அது 135-க்கு டேங்கையும் சைடு கவரையும் மாற்றி, ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியாக இருக்கலாம். 135-ம் நல்ல வண்டிதான். ஆனால் அதன் விலை வேறு.

புக்கில் இருக்கிறது சூட்சுமம்

கன்சல்டிங் கடையாக இருந்தாலும் சரி, தெரிந்தவர் மூலம் வந்த வண்டியாக இருந்தாலும் சரி, முதலில் கேட்க வேண்டியது ஆர்.சி. புக்கு. கிக்கரை உதைத்து சத்தம் கேட்பதெல்லாம் அப்புறம். சத்தத்தைக் கேட்டுவிட்டால் மனசு விழுந்துவிடும், பிறகு புக்கில் என்ன குறை இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. விற்கிறவர்களும் அது தெரிந்துதான் வந்த உடனே வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறார்கள்.

சொந்த உபயோக வண்டிக்கு பதிவு 15 வருஷம்தான் செல்லும். அதற்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி புதுப்பிக்க வேண்டும். ஆர்.எக்ஸ். 100 என்றால் எல்லா வண்டியும் இந்தக் கணக்கில் வந்துவிடும். 1990-ல் பதிவான வண்டி 2005-ல் ஒரு தடவை, 2010-ல் ஒரு தடவை, 2015, 2020, 2025 என்று ஐந்து தடவை புதுப்பித்திருக்க வேண்டும். எத்தனை வண்டியில் அப்படி இருக்கிறது? 'கடைசியா 2010-ல எப்.சி. காட்டினது, பிரச்சினை இல்லே, ரெண்டு நாள்ல காட்டிக்கலாம்' என்பார்கள். ரெண்டு நாளில் முடிகிற வேலை என்றால் விற்கிறவரே முடித்து, இன்னும் பத்தாயிரம் கூட்டி விற்றிருப்பாரே!

புதுப்பிக்க வண்டியை நேரில் கொண்டுபோக வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் என்ஜின் நம்பர், சேஸ் நம்பர், லைட், பிரேக், சைலன்சர் எல்லாம் பார்ப்பார். இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு பசுமை வரி தனி. மத்திய அரசு 2025 ஆகஸ்டில் கட்டணத்தை ஏற்றியது. 20 வருஷம் தாண்டிய பைக்குக்கு புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் ரூ.2 ஆயிரம். கார் என்றால் ரூ.10 ஆயிரம். கான்டெசா, பத்மினி என்று பழைய கார் ஆசையில் இருப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். காலம் தாண்டிப் போனதற்குத் தாமதக் கட்டணமும் கேட்பார்கள். வண்டி விலையில் இத்தனையையும் கழித்துத்தான் பேச வேண்டும்.

'டெல்லியில 15 வருஷ பெட்ரோல் வண்டி ஓட்ட விடறதில்லையே, இங்கேயும் பிடுங்கிக்குவாங்களா?' என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தத் தடை டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு கோர்ட்டு உத்தரவால் வந்தது. தமிழ்நாட்டில் புதுப்பித்த வண்டியை ஓட்டத் தடை இல்லை. அதே மாதிரி 'வின்டேஜ் வண்டி, சலுகை இருக்கு' என்று கதை விட்டாலும் நம்ப வேண்டாம். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷம் தாண்டினால்தான் வின்டேஜ். ஆர்.எக்ஸ். அந்த வயசைத் தொட 2035 ஆக வேண்டும்.

கம்ப்யூட்டரில் இல்லாத வண்டி

இன்னொரு தலைவலி இருக்கிறது. இப்போது வண்டி நம்பரை பரிவாகன் ஆப்பில் தட்டினால் ஓனர் விவரம், எப்.சி. தேதி, இன்சூரன்ஸ் எல்லாம் வந்துவிடும். பழைய வண்டிகளில் பல, தட்டினால் 'விவரம் இல்லை' என்று வரும். காகிதப் புக்கு காலத்து வண்டியின் விவரத்தை கம்ப்யூட்டரில் ஏற்றவே இல்லை என்று அர்த்தம். முதலில் பதிவு செய்த ஆபீசில் பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து ஏற்றினால்தான் பேர் மாற்றமோ எப்.சி.யோ நடக்கும். வண்டி நாமக்கல் டி.என். 28, சேலம் டி.என். 27 என்றால் பக்கத்தில் போய்ப் பார்த்துவிடலாம். மதுரை வண்டி, திருநெல்வேலி வண்டி என்றால் எத்தனை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலைவது?

1989-க்கு முன் பதிவான வண்டிகளில் 'டி.என்.' போட்டு மாவட்ட எண் இருக்காது. மூன்று எழுத்தும் நாலு எண்ணும்தான் இருக்கும். அந்த நம்பர் பிளேட் பார்க்க கெத்தாக இருக்கும், அதற்காகவே கூடுதல் விலை சொல்வார்கள். ஆனால் ஆபீஸ் ரிக்கார்டில் அந்த நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் கெத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

புக்கின் கடைசிப் பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். பைனான்சில் எடுத்த வண்டி என்றால் கம்பெனி பேர் அங்கே ஏறியிருக்கும். கடன் அடைத்த பிறகு 35-ம் நம்பர் பாரத்தில் பைனான்ஸ்காரர் கையெழுத்துப் போட்டு அதை நீக்க வேண்டும். நம்ம ஏரியாவில் தெருவுக்கு ஒரு பைனான்ஸ் இருந்த காலம் உண்டு. அதில் பல இப்போது இல்லை. கடனை எப்போதோ அடைத்திருப்பார்கள், பேர் மட்டும் நீங்காமல் கிடக்கும். கையெழுத்துப் போட ஆள் எங்கே தேடுவது?

'எங்க தாத்தா வண்டிங்க' என்று பேரன் வந்து விற்பதும் நிறைய. பாசமான கதைதான். ஆனால் தாத்தா காலமாகிவிட்டால் அவர் கையெழுத்தை வேறு யாரும் போட முடியாது. வாரிசு சான்றிதழ் வாங்கி, மற்ற வாரிசுகள் சம்மதத்தோடு 31-ம் நம்பர் பாரத்தில் முதலில் வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் விற்பனை. சித்தப்பா ஒருத்தர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றால் வண்டி அப்படியே நிற்கும்.

பேப்பரும் பென்சிலும் போதும்

புக்கு சரி என்றால் அடுத்தது நம்பர். சேஸ் நம்பர் ஹேண்டில் பாருக்குக் கீழே, பிரேமின் கழுத்துப் பகுதியில் அடித்திருக்கும். என்ஜின் நம்பர் என்ஜின் உடம்பிலேயே இருக்கும். ஆர்.எக்ஸ். 100-க்கு இரண்டுமே '1எல்1' என்று ஆரம்பிக்க வேண்டும். வேறு மாதிரி ஆரம்பித்தால் அது வேறு வண்டி, அல்லது வேறு என்ஜின்.

மண்ணெண்ணெய் போட்டு அழுக்கைத் துடைத்துவிட்டு, ஒரு வெள்ளைப் பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்தால் நம்பர் அப்படியே பதியும். கண்ணுக்குத் தெரியாத கோணல்கூட பேப்பரில் தெரியும். எழுத்து ஒன்று மேலே, ஒன்று கீழே, இடைவெளி மாறி இருக்கிறதா, அந்த இடத்தில் மட்டும் ராவிய அடையாளமோ, பட்டி பூசி புது பெயிண்ட்டோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம்பரை அழித்து மறுபடி பஞ்ச் அடித்த வண்டி என்றால் அடுத்த நிமிஷமே கிளம்பிவிடுவது நல்லது. விலை குறைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

ஆர்.எக்ஸ். திருடர்களுக்கும் பிடித்த வண்டி. உதிரி பாகத்துக்கே நல்ல விலை. பூட்டும் பழைய காலத்துப் பூட்டு. திருட்டு வண்டி என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் கண்ணை மூடிக்கொண்டோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் 3 வருஷம் வரை ஜெயில். நிஜமாகவே தெரியாமல் வாங்கியிருந்தாலும் வண்டி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும், கொடுத்த பணம் அம்போ. 'புக்கு இல்லே, அதான் விலை கம்மி' என்று சொல்கிற வண்டியை வாங்கிவிட்டு தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தமிழ்நாடு போலீசின் இணைய சேவைப் பக்கத்தில் வண்டி நிலவரம் பார்க்கும் வசதி இருக்கிறது. காசு செலவில்லை. மொபைலில் ஐந்து நிமிஷ வேலை.

ஆன்லைன் விளம்பரத்தைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்புவது இன்னொரு குழி. 'மிலிட்டரியில இருக்கேன், டிரான்ஸ்பர் ஆயிடுச்சு, வண்டியை பார்சல்ல அனுப்பறேன்' என்று யாராவது பேசினால் போனை வைத்துவிடலாம். வண்டியை நேரில் தொட்டுப் பார்க்காமல் பைசா அனுப்பக் கூடாது.

இப்போ கிக்கரை உதைக்கலாம்

வண்டி பார்க்கக் காலையிலேயே போவது நல்லது, சொல்லாமல் போனால் இன்னும் நல்லது. போனதும் என்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின் ஒன்றிரண்டு உதையில் பிடித்தால்தான் கணக்கு.

கிக்கரைக் கையால் அழுத்தினால் எதிர்த்துத் தள்ள வேண்டும். தொளதொளவென்று இறங்கினால் பிஸ்டன், ரிங் தேய்ந்திருக்கும். புகையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. டூ ஸ்ட்ரோக் வண்டி ஆயிலும் பெட்ரோலும் சேர்ந்தே எரிகிற வண்டி, காலையில் புகைக்கத்தான் செய்யும். பத்து நிமிஷம் ஓடி சூடான பிறகும் கொசு மருந்து அடிக்கிற மாதிரி வெள்ளையாகக் கக்கினால்தான் சந்தேகம். கிராங்க் ஆயில் சீல் போய் கியர் ஆயிலையும் சேர்த்து எரிக்கலாம். உள்ளே இருந்து 'டக் டக்' என்று இரும்புச் சத்தம் வந்தால் கிராங்க் பேரிங். அது பெரிய செலவு.

எத்தனையாவது போரிங் என்று கண்டிப்பாகக் கேட்க வேண்டும். தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் கடைந்து அடுத்த சைஸ் பிஸ்டன் போடுவார்கள். அதற்கும் எல்லை உண்டு. கடைசி சைஸ் ஆகிவிட்டால் சிலிண்டரே மாற்ற வேண்டும். ஒரிஜினல் பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பு. டூப்ளிகேட் டேங்க், டூப்ளிகேட் மட்கார்டு, டூப்ளிகேட் கார்புரேட்டர் எல்லாம் பளபளவென்று கடையில் தொங்குகின்றன. மேலே புது பெயிண்ட் அடித்த வண்டியைவிட, துரு பிடித்தாலும் எல்லா பாகமும் ஒரிஜினலாக இருக்கிற வண்டிதான் வாங்கத் தகுந்தது. புது பெயிண்ட்டுக்குள் என்ன டிங்கரிங் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பிரேமில் வெல்டிங் அடையாளம் இருக்கிறதா என்று டேங்கைக் கழற்றிப் பார்க்கச் சம்மதிக்கிறவர் நேர்மையானவர்.

சிலர் சிலிண்டர் துவாரத்தை ராவி, ரேசுக்கு ரெடி பண்ணிய வண்டியை 'செம பிக்கப்' என்று விற்பார்கள். அது வேலைக்குப் போய்வர ஆகாது. பெட்ரோல் குடிக்கும், என்ஜினும் சீக்கிரம் படுத்துவிடும். ஒழுங்கான ஆர்.எக்ஸ்.சே லிட்டருக்கு 40 கி.மீ. பக்கம் கொடுத்தால் சந்தோஷப்பட வேண்டும். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிய காலத்தில் 2டி ஆயில் செலவும் மேலே. 2025-ல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் எல்லா பங்குக்கும் வந்துவிட்டது. பழைய வண்டியின் ரப்பர் டியூப், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் அதற்காகச் செய்தது இல்லை. ஊறி, விரிசல் விட்டு பெட்ரோல் கசியலாம். டியூபை மாற்ற ஆகிற செலவு கொஞ்சம்தான், விட்டுவிட்டால் தீப்பிடிக்கிற ஆபத்து.

சைலன்சரை மாற்றி ஊரை அலற விடுகிறவர்களுக்கு ஒரு தகவல். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகன சட்டத்தில் ஒரு மாற்றத்துக்கு ரூ.5 ஆயிரம் அபராதம், 6 மாதம் வரை ஜெயில் தண்டனைக்கும் இடம் இருக்கிறது. சத்தத்துக்குத் தனிப் பிரிவு உண்டு, ரூ.10 ஆயிரம் வரை போகும். மாற்றிய சைலன்சரோடு எப்.சி.க்குப் போனால் வண்டி திரும்பி வரும். எனவே ஒரிஜினல் சைலன்சரையும் விற்கிறவரிடம் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

கொல்லிமலைக்குப் போகும் முன்...

வண்டி வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போகிற இடம் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. ஏறுவதில் ஆர்.எக்ஸ்.சுக்குக் கஷ்டமில்லை. இறங்குவதில்தான் ஆபத்து. முன்னும் பின்னும் டிரம் பிரேக். இறக்கத்தில் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறி பிடிமானம் குறையும். டூ ஸ்ட்ரோக் என்ஜின், போர் ஸ்ட்ரோக் மாதிரி கியரில் இழுத்துப் பிடிக்காது.

இன்னொன்று, பலர் ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு டேங்கிலேயே பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஓட்டுகிறார்கள். ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு கியரில் இறங்கும்போது என்ஜின் வேகமாகச் சுற்றும், ஆனால் உள்ளே பெட்ரோலும் போகாது, அதோடு வர வேண்டிய ஆயிலும் போகாது. பிஸ்டன் காய்ந்து ஜாம் ஆனால் பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும். வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவ்வப்போது ஆக்சிலேட்டரை லேசாகத் திருகிக் கொடுத்தபடி, இடையில் நிறுத்தி ஆறவிட்டு இறங்குவதுதான் பழைய ஆட்களின் வழக்கம்.

பேர் மாத்தலைன்னா?

விலை பேசி முடித்ததும் கன்சல்டிங்கில் கையெழுத்துப் போட்ட வெறும் பாரத்தைக் கொடுத்து, 'எப்ப வேணா மாத்திக்கலாம்' என்பார்கள். 29, 30 நம்பர் பாரங்கள் இரண்டும் வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பேர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்சும் வாங்கியவர் பேருக்கு மாற வேண்டும். 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி இந்த சைஸ் வண்டிக்கு வருஷம் ரூ.714-ம் வரியும்தான் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். லட்ச ரூபாய் வண்டிக்கு இதைக் கட்டாமல் ஓட்டி மாட்டினால் முதல் தடவையே ரூ.2 ஆயிரம் அபராதம். யார் மீதாவது மோதிவிட்டால் நஷ்டஈடு முழுக்க சொந்தக் கையில் இருந்து.

விற்கிறவர்கள் இதை வாங்குகிறவன் பாடு என்று நினைக்கிறார்கள். கையில் பணம் வந்தது, வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். ஒரு கார் பல கை மாறி, புக்கில் மட்டும் பேர் மாறாமல் விபத்து நடந்த வழக்கில் 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. விபத்து நடந்த நாளில் புக்கில் யார் பேர் இருக்கிறதோ அவரே ஓனர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று அதில் இருக்கிறது. பைக்குக்கும் அதே சட்டம்தான். எப்போதோ பத்தாயிரத்துக்கு விற்ற ஆர்.எக்ஸ். நாலு பேர் கை மாறி எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். நோட்டீஸ் வருவது புக்கில் இருக்கிற அட்ரசுக்கு.